வாடகை வாங்கவில்லை என்று சொன்னேன்

நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய உதவித்தொகை கிடைக்காமல் போனது. அது கிடைக்காததால் அவள் குடியிருந்த இடமும் போனது. மாதம் தவறாமல் எனக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். விசாரிக்க வந்த அரசாங்க ஊழியரிடம், "வாடகையெல்லாம் வாங்கறதில்ல சார், சும்மாதான் வெச்சிருக்கோம்" என்று சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. காபிக்குச் சொல்லிவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்து, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், மாடம்பாக்கம் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு காலனியில் இருக்கிறது. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முன்பக்கம் நானும் மனைவியும் இருக்கிறோம். பின்பக்கம் ஒரு அறை, சமையலறை, கழிப்பறை என்று ஒரு போர்ஷன். மழைக்காலத்தில் அதன் சுவரில் ஈரம் ஏறும். "சைவம் மட்டும்" என்று கேட்டில் பலகை தொங்கவிட்டிருந்தோம். சைவக்காரர்கள் வந்து, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவள் வந்தாள். பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்திய, அரசாங்கம் கொடுத்த ஸ்கூட்டரில் வந்தாள். சிறு வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் சூம்பியிருந்தன. ஊன்றுகோல்களை வண்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. முஸ்லிம் பெண், மணமாகாதவள். அம்மா இறந்த பிறகு படப்பையில் அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறாள். அண்ணனுக்கு மெத்தை, தலையணைக் கடை. கீழே கடை, மாடியில் வீடு.

"மாடின்னா ஜெயில் மாதிரி சார்" என்றாள். "எறங்கணும்னா அண்ணன் தூக்கணும், ஏறணும்னா அண்ணன் தூக்கணும். அது யாவாரத்த பாக்குமா, என்னப் பாக்குமா? எனக்குக் கீழ் வூடு வேணும், வெஸ்டர்ன் டாய்லெட் வேணும், வண்டி வுட எடம் வேணும். அவ்ளோதான்."

சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, ரவிக்கைக்கு ஹூக் வைப்பது அவள் தொழில். காலனி காலனியாக வண்டியில் போய்ச் சேலைகளை வாங்கி வந்து, தைத்துத் திருப்பிக் கொடுப்பாள். வண்டி இறங்க முடியாத இடத்தில் அவளுக்குப் பிழைப்பில்லை.

என் மனைவி பலகையைப் பார்த்தாள். அவளும் பார்த்தாள். "ஆன்ட்டி, பிரியாணி வேணும்னா படப்பைக்கே போய்த் துன்னுட்டு வந்துடறேன். உங்க வூட்ல முட்டை கூட ஒடைக்க மாட்டேன், போதுமா?" என்றாள். என் மனைவி சிரித்துவிட்டாள்.

பின் வாசலில் இரண்டு படிகள் இருந்தன. கொத்தனாரைக் கூப்பிட்டு அவற்றின் மேல் சிமென்ட்டில் சரிவு போட்டுக் கொடுத்தேன். அதற்காக வாடகையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் குறைந்த வாடகைக்குக் கிடைப்பவை எல்லாம் மொட்டை மாடி அறைகள், இரும்புப் படி ஏறிப் போகிறவை. நடக்க முடிந்தவர்களுக்குத்தான் மலிவு. அவளுக்கு வேறு எங்கும் எளிதில் இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏற்றினேன்.

ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. "நமக்குள்ள எதுக்கும்மா அக்ரிமென்ட்" என்றேன். பெருந்தன்மை போலத் தோன்றும் வாக்கியம் அது. வீட்டு வரிக் கணக்கில் முழு வீடும் எங்கள் சொந்தக் குடியிருப்பு என்று இருந்தது. வாடகைக்கு விட்டிருப்பது தெரிந்தால் வரி கூடும். வருமான வரியிலும் நான் அந்தப் பணத்தைக் காட்டவில்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் கணக்கில் பிழை கண்டுபிடித்தவன் நான்.

அவள் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியம் கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தாள். இதில் எனக்கு அப்போது புரியாதவை பல. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு ஒரு உதவித்தொகை தனியாக இருக்கிறது. அவளுடைய மாற்றுத்திறனாளி அட்டையில் மருத்துவர் போட்டிருந்த சதவீதம் அதற்குப் போதவில்லை. அவளுக்கு மிஞ்சியது தாலுகா அலுவலகம் தரும் தொகை. அதற்குக் கால் முடியாமல் இருந்தால் மட்டும் போதாது, தாங்க ஆள் இல்லை என்றும் நிரூபிக்க வேண்டும். அந்தத் தொகை வாடகையில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தப் பாதிக்கும் குறைவான பணம்தான் அவளை மாடிக்குத் திரும்பவிடாமல் தரையில் நிறுத்தியிருக்கும்.

"சார், வி.ஏ.ஓ. வந்து கேப்பாரு. நா இங்க வாடகைக்கு இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

"அதுக்கென்னம்மா" என்றேன்.

கிராம நிர்வாக அலுவலர் வந்தபோது அவள் சேலை கொடுக்கப் போயிருந்தாள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். "வாடகை எவ்ளோ சார் வாங்கறீங்க?"

அவர் வருவாய்த் துறை. வீட்டு வரி மாநகராட்சி. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பேனா காகிதத்தில் என் வாடகையை எழுதக் காத்திருந்ததைப் பார்த்ததும் வாய் தானாகப் பேசியது.

"வாடகையெல்லாம் வாங்கறதில்ல சார். சும்மாதான் வெச்சிருக்கோம். நம்ம பொண்ணு மாதிரி."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நெஜமாவா சார்? இந்தக் காலத்துல சொந்தக்காரனே சேத்துக்க மாட்டான். அப்போ சாப்பாடு?"

"அதுவும் பெரும்பாலும் நம்ம வீட்லதான்."

அந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவர் முகத்தில் வந்த மரியாதை பிடித்திருந்தது, சொல்லிவிட்டேன். காபியோடு சமையலறை வாசலில் நின்ற என் மனைவி என்னையே பார்த்தாள். காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சில வாரங்களில் அவள் தாலுகா அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தாள். நான் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வண்டியை அணைக்காமலேயே கேட்டாள்.

"இன்னா சார், என்னச் சும்மா வெச்சிருக்கீங்களாமே?"

நான் குழாயை மூடினேன்.

"மூணு வேள சோறும் போடறீங்களாம். சொல்லவே இல்ல? இன்னிக்கு இன்னா கொழம்பு?"

"அவரு தப்பா எழுதிட்டாரும்மா" என்றேன்.

'வீட்டு உரிமையாளர் ஆதரவில், வாடகையின்றி வசிக்கிறார்.' அதுதான் அறிக்கை. மனு தள்ளுபடி. அவள் வண்டியை அணைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "சரி சார். மேல ஒரு மனு போடலாங்கறாங்க. வாடகை வாங்கறேன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் என்றேன். ஆடிட்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்கு ஆடிட்டரே கிடையாது.

இதற்கிடையில் அந்த அலுவலர் என்னைப் பற்றிக் காலனி நலச்சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். கொடியேற்றும் நாளில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில் என்னை வள்ளல் என்றார்கள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன், மூன்றாவது முறை குனிந்து கழுத்தைக் கொடுத்தேன். அவளும் வந்திருந்தாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள்.

அவள் வந்து ஒரு வருடம் முடிந்ததும் வழக்கம்போல வாடகையை உயர்த்தினேன். இந்த ஒரு வருடம் மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். பக்கத்துத் தெருவில் புதிதாகத் தையல் கடை திறந்து, பாதி வீடுகள் அங்கே போய்விட்டிருந்தன. "எல்லாருக்கும்தாம்மா ஏறுது" என்றேன். மாதக் கடைசியில் காலி செய்துவிடுவதாகச் சொன்னாள். அண்ணன் ஒரு டெம்போவோடு வந்தார். எங்கள் பக்கம் வராமல், பின்வாசலிலிருந்தே பாத்திரங்களையும் கையால் சுற்றும் தையல் மெஷினையும் எடுத்து ஏற்றினார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, நம் ஊர் வழக்கப்படி, வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டேன். ஈரம் ஏறிய சுவர் அது. அவள் வருவதற்கு முன்பே கறைபட்டிருந்தது.

என் மனைவி அன்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "வள்ளலுக்குச் சோறு எடுத்து வெச்சிருக்கேன், வந்து சாப்பிடுங்க."

நவம்பரில் ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று கொடுக்க வங்கிக்குப் போனேன். கருவியில் விரலை வைத்தேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று நம்பினார்கள், அவ்வளவுதான். என்னைத் தாங்க ஆள் இருக்கிறதா, என் மகன் எனக்குச் சோறு போடுகிறானா என்று விசாரிக்க ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. எனக்குச் சொந்த வீடு இருப்பதால் என் தொகை குறையவுமில்லை. அந்தப் பெண்ணுக்கோ, யாரோ ஒருவர் இரக்கப்பட்டதாகச் சொன்னதே மனுவைத் தள்ளப் போதுமானதாக இருந்தது. வங்கியின் நாற்காலியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று காவலாளி வந்து கேட்டார்.

மறுநாள் தாலுகா அலுவலகம் போனேன். நான் அன்று சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துப் போயிருந்தேன். அந்தப் பிரிவில் இருந்த அம்மா முழுவதையும் படித்தார்.

"சார், இது முடிஞ்ச மனு. அந்தப் பொண்ணும் இப்ப இங்க இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. படப்பை எங்க தாலுகாவே கெடையாது."

"நான் பொய் சொன்னது தப்பில்லையா?"

"தப்புதான். யாரு மேல நடவடிக்கை எடுக்கச் சொல்றீங்க? உங்க மேலயா? வந்து எழுதினவரு மாத்தலாகிப் போயிட்டாரு." காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "வெயில் ஏறுது. வீட்டுக்குப் போங்க சார்."

பிறகு மாநகராட்சிக்குப் போய், பின்பக்கம் வாடகைக்கு விடும் இடம் என்று எழுதிக் கொடுத்தேன். வரி கூடியது. நான் பயந்த அளவில் கால் பங்குகூட இல்லை.

படப்பையில் கடையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. வாசலில் அவளுடைய ஸ்கூட்டர் நின்றது. அதன் மேல் தலையணை மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அண்ணன் கடைக்குச் சரக்குக் கொண்டு போக அதைத்தான் பயன்படுத்தினார். என்னைப் பார்த்து முகம் சுருங்கினாலும், மேலே கூட்டிப்போனார். படிகள் அவள் சொன்னதைவிடச் செங்குத்து. நான் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன்.

அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முன்னிலையிலேயே நான் செய்ததைச் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். அவரு தப்பா எழுதலன்னு அன்னிக்கே தெரியும்."

"அப்போ ஏம்மா என்னைக் கேக்கல?"

"கேட்டா காலி பண்ணுன்னு சொல்வீங்க."

திரும்பி வரச் சொன்னேன். முறையாக ஒப்பந்தம் போடலாம், வாடகைக்கு ரசீது தருகிறேன், சரிவுக்காக ஏற்றியதைக் குறைத்துவிடுகிறேன், போர்ஷன் காலியாகத்தான் இருக்கிறது என்றேன். மெஷின் நின்றது. அவள் அண்ணனைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் அவள் முகத்தில் ஆசை இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

அண்ணன் தலையாட்டினார். "வேணாம் சார். தங்கச்சிய எவன் வூட்லயோ ஓசி சோத்துக்கு வுட்டுட்டான்னு கடைக்கே வந்து கேட்டாங்க. தாம்பரத்துல துணி எடுக்கப் போன எங்க ஆளுங்க காதுக்கெல்லாம் வந்துச்சி, யாரோ பெரியவரு சும்மா வெச்சிக் காப்பாத்தறாருன்னு. இன்னொரு தபா அனுப்பினா நா எங்க மூஞ்சிய வெச்சிக்கறது?"

"அது பொய்ங்க. நான்தான் சொன்னேன்."

"இப்ப சொல்றீங்க. ஒவ்வொருத்தன் வூட்டுக்கும் வந்து சொல்லுவீங்களா?"

அவர் எனக்கு டீ வாங்க இறங்கிப் போனார். அவள் மறுபடி தைக்கத் தொடங்கினாள். ஆனால் புதிதாக மனு போட மட்டும் சம்மதித்தாள். அதை நானே எழுதினேன். பழைய வாடகை விவரத்தை என் கையெழுத்தோடு இணைத்தேன். அந்தப் பகுதித் தாலுகா அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, அவளிடம் சேர்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவளே போன் செய்தாள்.

"வந்து விசாரிச்சிட்டாங்க சார். இந்த தபா யாரும் பொய் சொல்லல. அண்ணன் வூடு, அண்ணன் சோறு, அண்ணன் ஆதரவு. கண்ணால பாத்தத எழுதிகினு போயிட்டாரு. கெடைக்காதாம்."

மேல்முறையீடு செய்யலாம் என்று ஆரம்பித்தேன். தனியாக வாடகைக்கு இருந்தால்தான் கிடைக்கும், கிடைத்தால்தான் தனியாக வாடகைக்கு இருக்க முடியும் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"வேணாம் சார். இனிமே வராதீங்க. நீங்க வந்துட்டுப் போனா அண்ணன் ரெண்டு நாளு என்னோட பேசறதில்ல."

சரியம்மா என்றேன். அவள் உடனே வைக்கவில்லை. அவள் பக்கத்தில் பஸ் ஹாரனும், யாரோ மெத்தைக்கு விலை கேட்கும் குரலும் கேட்டன. எல்லாம் தூரத்தில், கீழேயிருந்து.