கையெழுத்து விழாத புரூஃப்

1981 அக்டோபரில், மதுரையில் ஒரு மாலை நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். டெலிபிரிண்டரில் ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்கித் தலைப்பிடுவது என் வேலை. பதினொரு மணிக்குள் பக்கம் முடிய வேண்டும். வேகமாக எழுதினாலும் தப்பில்லாமல் எழுதுகிறவன் என்று எனக்குப் பெயர் உண்டு.

அன்று காலை ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆண்கள் இருவர் மனமொத்துத் தனிமையில் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் சட்டம் வட அயர்லாந்தில் இருந்தது. அதனால் போலீஸ் விசாரணைக்கு ஆளான ஒருவர் ஐரோப்பாவின் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். அந்தச் சட்டம் தனிமனித வாழ்வில் அத்துமீறுகிறது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்திருந்தார்கள். எனக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது. நாலு வரியாகச் சுருக்கி, ‘ஆணோடு ஆண் குடித்தனம்: வெள்ளைக்காரர் கூத்து’ என்று தலைப்பிட்டுக் கடைசிப் பக்கத் துணுக்குக்கு அனுப்பிவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில், பிழை பார்க்கும் புரூஃப் ரீடர் புரூஃப் தாளின் ஓரத்தில் கையெழுத்திடாத எதுவும் அச்சேறாது. அவர் மேலூர்ப் பக்கத்துக்காரர்; நாற்பது வயதிருக்கும். எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொள்வார், தலைப்பில் கை வைக்க மாட்டார். அன்று புரூஃபையும் டெலிபிரிண்டர் தாளையும் சேர்த்து என் மேஜையில் வைத்தார். கையெழுத்து இல்லை.

“அண்ணே, இதுல தப்பு இருக்கு.”

“எழுத்தா?”

“இல்லண்ணே. கேஸ் போட்டவரு செயிச்சிருக்காரு. தப்பு கவர்மெண்டு மேலன்னு கோர்ட்டு சொல்லிருக்கு. நீங்க போட்டிருக்கதப் படிச்சா, அந்த ஆளு அசிங்கப்பட்டு நிக்கிற மாதிரில்ல இருக்கு.”

பக்கத்துக்காகக் காத்திருந்த அச்சுக்கூட ஃபோர்மேன் சிரித்தார். “அயர்லாந்துக்காரன் உனக்கு என்ன மாப்ள, பங்காளியா? கையெழுத்தப் போட்டுக் குடு. மிசினு காத்துக் கெடக்கு.”

ஃபோர்மேன் நகர்ந்த பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

“கோரிப்பாளையத்துல நானும் எங்கூட இருக்கவரும் எட்டு வருசமா ஒரே ரூம்புல வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரரு நம்ம பேப்பரத்தான் டீக்கடையில சத்தமா வாசிப்பாரு. ரெண்டு ஆம்பளைக்கு எதுக்கு இம்புட்டு நாளா ஒரே ரூம்புன்னு போன வாரந்தான் கேட்டாரு. இந்தத் தலைப்ப வாசிச்சாருன்னா, நாளைக்கு எங்க சாமான் தெருவுல கெடக்கும்.”

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கும் சட்டம் இருந்த காலம். அந்த ஒரு பேச்சுக்காக அவருக்கு வேலை போகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அது தெரிந்தே சொன்னார்.

டெலிபிரிண்டர் தாளை மறுபடி படித்தேன். அவர் சொன்னது சரி. வழக்கில் வென்றவரை நான் குற்றவாளி ஆக்கியிருந்தேன். ‘தனி வாழ்வில் சட்டம் தலையிடக் கூடாது: ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு’ என்று மாற்றி எழுதி, வெளிநாட்டுச் செய்திகளோடு சேர்த்தேன். ஃபோர்மேன் முணுமுணுத்தார். புரூஃப் ரீடர் கையெழுத்திட்டார். பக்கம் எட்டு நிமிடம் தாமதம்.

மறுநாள் அவரிடம் கேட்டேன், வீட்டுக்காரர் வாசித்தாரா என்று.

“வாசிச்சாரு. ‘அடுத்தவன் வீட்டுக் கதவுக்குப் பின்னால சர்க்காருக்கு என்ன சோலி’ன்னுட்டு சினிமாப் பக்கத்துக்குப் போயிட்டாரு.”

நான் அந்த நாளிதழை விட்டு வரும்வரை இருவரும் அதே அறையில்தான் இருந்தார்கள். எங்கோ நடந்தது என்று நான் சிரித்துத் தள்ளிய செய்தி அவர்கள் வாசல்வரை வந்து நின்றிருக்கிறது. அதைச் சொல்ல அவருக்குத் துணிவும், கேட்டுத் திருத்த எனக்குப் புத்தியும் அன்று இருந்தன என்பதில் இன்றும் எனக்கு நிறைவுதான்.