வேலம்மாள் வளர்த்த லான்

மடுகரை வேலம்மாளுக்கு ஐம்பது வயது முடியப்போகிறது. அதில் முப்பது வருஷம் நெல்லிலும் கரும்பிலும் களை பிடுங்கியே போனது. புல்லை வளர்ப்பதற்கும் ஒருவர் கூலி கொடுப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது அரிகரன் குடிவந்த பிறகுதான்.

அரிகரன் சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே கரும்பு விளைந்த இடத்தை வாங்கி மாடி வீடு கட்டினார். முன்பக்கம் பச்சைப்பசேலென்று லான் வேண்டும் என்பது அவர் மனைவி செல்வகுமாரியின் ஆசை. நர்சரிக்காரர் ஒருவர் பாய் மாதிரி சுருட்டிய புல்லைக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனார். இரண்டே மாதத்தில் அது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. வாசல் பெருக்க வந்துகொண்டிருந்த வேலம்மாள் ஒருநாள் குந்தி உட்கார்ந்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும் கிடந்தன.

"கல்லு மேல புல்ல வெச்சா அது எங்கேர்ந்தும்மா வேர் வுடும்?"

செல்வகுமாரி சிரித்துக்கொண்டே, "அப்போ நீயே வெச்சுக் காட்டேன்" என்றார்.

வேலம்மாள் வைத்துக் காட்டினாள். வீடு கட்டியபோது மிஞ்சிய அந்தக் கழிவு முழுவதையும் பொறுக்கி வெளியே கொட்டினாள். முழங்கால் ஆழத்துக்குக் கொத்தி, செம்மண்ணும் மணலும் கலந்தாள். எருவுக்கு அவள் வேறெங்கும் போகவில்லை. தன் வீட்டுக் கொல்லையில் செவலைப் பசுவின் சாணம் நன்றாக மக்கிக் கிடந்தது. அதைச் சலித்துக் கூடை கூடையாகத் தலையில் சுமந்தாள். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடத் தரையைச் சரிவாக மட்டம் தட்டி, நாலு விரல் இடைவெளியில் புல் நட்டாள். ஐப்பசி மழையில் அங்கங்கே அரித்துக்கொண்டு போனதை மறுபடி நட்டாள். தை பிறந்தபோது மண் கண்ணுக்குத் தெரியவில்லை. கால் வைத்தால் பாதம் புதைந்தது.

வந்தவர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "தினமும் நானே நின்னு பார்த்துப்பேன்" என்று செல்வகுமாரி சொல்வது, பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் வேலம்மாளுக்குக் கேட்கும். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரா வாரம் திங்கட்கிழமை மிஷினில் வெட்டிய புல்லை எடுத்துப் போக விட்டார்கள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. "கொண்டு போ, குப்பை குறையும்" என்று அரிகரனே சொல்லியிருந்தார். செவலை அந்தப் புல்லைத் தின்று மினுமினுவென்று ஆனது. சொசைட்டியில் அதன் பாலுக்கு நல்ல பேர். மூன்றாம் வருஷம் அது ஐந்து மாதச் சினை வேறு.

அந்த வருஷம் வைகாசியில் அரிகரனின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். லானிலேயே பந்தல் என்று முடிவானது. அதற்குப் பத்து நாள் முன்னால் புல்லில் மூன்று இடங்களில் மஞ்சள் திட்டு விழுந்தது.

"வெயிலுக்கு ஒட்ட வெட்டச் சொன்னீங்க இல்ல, அதான். ஒரு வாரம் மிஷின் வெக்காம வுடுங்க, தானா எழுந்துக்கும்" என்றாள் வேலம்மாள்.

"ஒரு வாரமெல்லாம் காத்துட்டிருக்க முடியாது வேலம்மா. சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க" என்றார் அரிகரன்.

வேலம்மாள் மகள் வெண்ணிலாவைப் பார்க்கக் கடலூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, நர்சரிக்காரர் வந்து வேர்ப்புழு என்று சொல்லிக் குருணை மருந்து தூவித் தண்ணீர் விட்டுப் போனார். மறுநாள் காலையில் புல் நனைந்து, எப்போதும் போலத்தான் இருந்தது. "பந்தக்காரன் வர்றதுக்குள்ள ஒரு தடவ வெட்டி வுடு" என்று மாடியிலிருந்து செல்வகுமாரி குரல் கொடுத்தார். வேலம்மாள் வெட்டினாள். சாக்கில் திணித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் செவலையின் முன்னால் கொட்டினாள்.

மதியம் அதன் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. கால்கள் வெடவெடத்தன. அவள் புருஷன் சுப்பராயலு ஓடிப்போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தான். டாக்டர் ஊசி போட்டுவிட்டுத் தொட்டியில் மிச்சமிருந்த புல்லைக் கையிலெடுத்துப் பார்த்தார். ஈரப் புல்லில் மணல் போல ஏதோ ஒட்டியிருந்தது.

"மருந்து போட்ட புல்ல யாரும்மா குடுத்தது?"

பொழுது சாய்வதற்குள் செவலை தலையைத் தரையில் போட்டுவிட்டது.

மறுநாள் காலையில் அவள் நேராக அரிகரன் வீட்டுக்குப் போனாள். பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை போட அவள் போகவில்லை. அடடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் போனாள்.

"மருந்து போட்டத ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா?"

செல்வகுமாரி கணவரைப் பார்த்தார். அரிகரன் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார். "லான் புல்லு என்ன மாட்டுத் தீவனமா? நீயா எடுத்துட்டுப் போயிட்டு இங்க வந்து நின்னா?"

"நீங்கதான சார் எடுத்துகினு போன்னீங்க?"

"நல்ல காரியம் நடக்குற வூட்ல சாவப் பத்திப் பேசாத வேலம்மா" என்றார் செல்வகுமாரி. குரலில் கோபமில்லை. அண்டை வீட்டுக்காரிக்குப் புத்தி சொல்வது போலத்தான் சொன்னார்.

வேலம்மாள் துடைப்பத்தை எடுக்காமல் வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள், டிரைவர் ஒரு பையில் லட்டும் மிக்சரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவள் எண்ணுவதற்குள் சுப்பராயலு ஒரு லட்டை எடுத்துக் கடித்துவிட்டான்.

"திங்கிற பொருளு இன்னாமே பண்ணுச்சு?" என்றான்.

பசு செத்தபோதுகூட அழாதவள் அப்போது அழுதாள். அவன் மென்று விழுங்கிவிட்டு வெளியே போனான்.

இப்போது வேலம்மாள் திருபுவனையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. சேர்ந்த அன்று சூப்பர்வைசர் ஆபீசுக்கு முன்னாலிருந்த புல்தரையைக் காட்டினார். வழுக்கை விழுந்த மாதிரி கிடந்தது.

"தோட்ட வேலைக்கு ஆள் வேணும். பாத்ரூம் கழுவுறதவிட லேசு. புல்லு பத்தி இன்னா தெரியும் உனக்கு?"

"ஒண்ணும் தெரியாது சார்" என்றாள் வேலம்மாள்.

அவர் பாத்ரூம் வேலைக்கு அவள் பேரை எழுதிக்கொண்டார். வேறொரு பெண் அந்தப் புல்லுக்கு உச்சி வெயிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பினாயில் வாளியோடு தினமும் அந்த வழியாகத்தான் வேலம்மாள் நடக்கிறாள். வெயில் தாழத் தண்ணீர் விடு என்று நின்று சொன்னால் அரை நிமிஷம் ஆகும். அவள் நிற்பதில்லை.