இங்கிலீஷ் பேர் வைத்த செடிகள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், நடந்ததும் முன்னே பின்னே ஆகிவிடும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இப்போது கண்டி மஹய்யாவையில் இருக்கிறோம். தம்பியின் பேத்தி வெளிநாட்டுப் படிப்புக்காக ஒரு இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போகிறாள். அலுமாரிக் கதவு, பிரிட்ஜ், முகம் பார்க்கிற கண்ணாடி என்று எல்லாவற்றிலும் சொல் எழுதி ஒட்டியிருக்கிறாள். எல்லாம் பெரிய பெரிய சொல். போன வாரம் அவள் சத்தமாக வாசித்துக்கொண்டு போகும்போது ஒரு சொல் என் காதில் விழுந்தது. ரிலக்டன்ட்.

"அது கான் ஓரத்துக் கடைசிச் செடி" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"செடியா? என்ன பாட்டி சொல்றீங்க?" என்று அவள் சிரித்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கலஹாவுக்கு மேலே. அம்மாவின் தங்கை, என் சித்தி, எட்டாவது வரை படித்துவிட்டுக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கண்டியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுத்தார்கள். அதற்கு இங்கிலீஷ் சொல் பரீட்சை ஒன்று இருந்தது. யார் எங்கிருந்து வந்தாலும் ஒரே தாள்தான். தாத்தா சித்தியிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "ஒரு தடவ எழுது. கிடைக்கலேன்னா மூச்சு விடாம கூடையத் தூக்கு."

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா தன் சொற்புத்தகத்தை ஒரு மாதத்துக்குக் கொடுத்திருந்தார். லயத்து வீட்டில் எட்டுப் பேர் படுக்கிற ஒற்றைக் காம்பராவில் எங்கே உட்கார்ந்து படிப்பது? சித்தி மலைக்குப் போய்ப் படித்தாள். மழைத்தண்ணி ஓடுகிற கான் ஓரமாகப் போகிற நிரையில் அட்டை அதிகம் என்று யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். அதனால் அது எப்போதும் அவளுக்குத்தான். அந்த நிரையில் செடிக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டாள். கை கொழுந்தைக் கிள்ளும், வாய் சொல்லைச் சொல்லும். அடுத்த செடி, அடுத்த சொல்.

மற்றப் பெண்கள் விடுவார்களா? "நர்ஸம்மா, இந்த அட்டைக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க" என்பார்கள். கங்காணி வேறு, "என்னா புள்ள, செடிகிட்ட இங்கிலீசு பேசுற? அது திருப்பிப் பேசுனா எனக்கும் சொல்லு" என்பார். சித்தி தலையை நிமிர்த்தமாட்டாள்.

நான் அப்போது சின்னப் பிள்ளை. அவளுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோகிறது என் வேலை. போனால் உடனே திரும்பமாட்டேன். செடிகளுக்கு அடியில் புகுந்து அவள் கூடவே தவழ்ந்து போவேன். மேலே இருந்து சொல் ஒவ்வொன்றாக விழும். அபண்டன்ட். ஸ்கார்ஸ். டிலிஜன்ட். எனக்கு மயிர்க்கூச்செறியும். அவை சொற்கள் என்று எனக்குத் தெரியாது. செடிகளின் பேர் என்றே நினைத்தேன். வெள்ளைக்கார துரைமார் நட்ட செடிக்கு முனியம்மா என்றா பேர் வைப்பார்கள்? இவ்வளவு காலமும் பேர் தெரியாமல் இந்தச் செடிகளைக் கிள்ளிக்கொண்டிருந்தோமே, சித்திக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவளை அண்ணாந்து பார்ப்பேன்.

மாதம் முடிந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த மலையில் கவ்வாத்து என்று செடிகளின் கிளையெல்லாம் வெட்டிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பச்சை மெத்தை மாதிரி இருந்த மலை வெறும் குச்சியாக நின்றது. சித்தி முதல் செடிக்கு முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது செடியிலும் வரவில்லை. அவள் மேலே இருந்து இலையைப் பார்த்துப் பழகியவள். இப்போது இலையே இல்லையே! கானில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"போச்சு. எல்லாம் போச்சுடி" என்றாள்.

எனக்கோ ஒன்றுமே மாறியிருக்கவில்லை. நான் பார்த்துப் பழகியது தூரைத்தானே.

"சித்தி, இந்தா டிலிஜன்ட். எறும்புப் புத்து அப்பிடியேதான் இருக்கு பாருங்க" என்றேன். "இது ஸ்கார்ஸ், பாசி புடிச்சது. இது அபண்டன்ட், மூணு காலு."

சித்தி கையை எடுத்து என்னைப் பார்த்தாள். "அடி கழுத, ஒனக்கு எப்பிடிடீ தெரியும்?"

"கூப்பிட்டுக்கிட்டே போனீங்களே!"

நான் தவழ்ந்து தவழ்ந்து பேர் சொல்ல, அவள் பின்னாலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நிரை முடிவில் ஒரு செடி கானுக்குள் பாதி சரிந்து நின்றது. வேர் பாதி வெளியே, மீதி வேரால் கரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. "இது ரிலக்டன்ட்" என்றேன். அத்தனையும் வந்துவிட்டது. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அவள் பரீட்சையில் பாஸ். தாத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

கண்டிக்குப் போகிற அன்று காலை, பஸ்ஸுக்குப் போகிற வழியில் சித்தி பெட்டியை ரோட்டில் வைத்துவிட்டு மலைக்குள் ஏறினாள். நானும் ஓடினேன். அந்தக் கடைசிச் செடியைப் பிடித்துக்கொண்டு "ரிலக்டன்ட்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள்.

"ஆமா சித்தி, அதான் அதோட பேரு" என்றேன் பெருமையாக. மறக்கக்கூடாது என்று சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணி கொட்டியது. தூசி விழுந்திருக்கும் என்று என் பாவாடையால் துடைத்துவிட்டேன்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று போன வாரம்தான் பேத்தியிடம் கேட்டேன்.

"மனசில்லாம ஒண்ணச் செய்றது, பாட்டி. இப்ப, போக மனசில்லாமப் போறோம்ல, அந்த மாதிரி."

சித்தி இல்லாமல் போய்ப் பல வருஷமாயிற்று. மூன்று கால் இருந்தது அபண்டன்ட்டா ஸ்கார்ஸா என்று இப்போது எனக்கே சந்தேகம். கலஹாப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது அந்தக் கான் ஓரத்தில் அப்படி ஒரு செடி இன்னும் சரிந்து நிற்கிறதா என்று பார்த்துச் சொன்னால் புண்ணியம். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும்.