பன்னிரண்டாவது பாட்டு

வலது காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொள்கிறார். இணைப்பு கிடைத்துவிட்டதாக உள்ளே ஒரு பெண் குரல் சொல்லும்வரை காத்திருந்து, போனை மேசைமேல் குப்புறக் கவிழ்க்கிறார். அதற்குப் பிறகுதான் முகமூடி, கையுறை, வேலை. செய்வது பொய்ப்பல். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள்; போன சொல்லைத் திருப்பித் தருகிறவர் இவர். லேபில் எல்லோருக்கும் இவர் பல்செட் மாஸ்டர்.

போன் ஏன் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கிறது என்று பக்கத்து மேசைப் பெண் ஒருநாள் கேட்டாள். "பிளாஸ்டர் தூசி படியுதும்மா," என்றார். பொய். நிமிர்ந்து கிடந்தால் பாட்டின் பெயர் தெரிந்துவிடும்.

பாட்டு விஷயத்தில் அவர் ஒரு காலத்தில் வீட்டுக்குச் சர்வாதிகாரி. கூடத்தில் இரட்டை கேசட் டேப்ரெக்கார்டர் இருந்தது. அதன் பொத்தானில் அவர் விரலைத் தவிர வேறு விரல் படாது. ஒலித்ததெல்லாம் புல்லாங்குழல். வார்த்தை வந்தால் இசை செத்தது என்பது அவர் கட்சி. சினிமாப் பாட்டைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் தகர டப்பால கல்லைப் போட்டு உருட்டுறது," என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

கல்யாணமாகி வந்தபோது மனைவி ஒரே ஒரு கேசட் கொண்டுவந்தாள். பிடித்த பன்னிரண்டு சினிமாப் பாட்டுகளைப் பொறுக்கி, கடையில் கொடுத்துப் பதியவைத்தது. உள்ளட்டையில் ஒன்று முதல் பன்னிரண்டுவரை தன் கையாலேயே எழுதியிருந்தாள். யாரும் தப்பித்தவறி அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு சில்லுகளையும் கடைக்காரர் உடைத்தே கொடுத்திருந்தார். நம்மவர் அந்த ஓட்டைகளை டேப் ஒட்டி அடைத்து, ஒரு மத்தியானம் உட்கார்ந்து அதன்மேல் புல்லாங்குழலை ஏற்றினார். அட்டையைத் திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில் தலைப்பு எழுதினார். வீட்டில் புது கேசட்டுக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

"என் கேசட் எங்க?" என்று அவள் ஒரே தடவைதான் கேட்டாள்.

"அதுல நல்லதா ஏத்தி வெச்சிருக்கேன். கேட்டுப் பாரு, பழகிடும்."

கேட்டாள். பழகிக்கொண்டாள்.

போன வருஷம் மகள் அவர் போனில் ஒரு பாட்டுச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். ஒருநாள் வேலையில், பல்லச்சைப் பிளாஸ்டரில் கவிழ்த்துப் பிடித்திருந்தார். இறுகும்வரை கை அசையக் கூடாது. அசைந்தால் பல் கோணிக்கொள்ளும். காதில் புல்லாங்குழல் முடிந்தது. செயலி தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டை அவிழ்த்துவிட்டது. சாட்சாத் தகர டப்பா. கல்யாணமாகி வந்த புதிதில் மனைவி ஆசையாகப் போடச் சொல்லிக் கேட்ட பாட்டு. நிறுத்தக் கையில்லாமல் முழுதும் கேட்டார். நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் போயிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அன்று வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறி அந்த கேசட்டின் உள்ளட்டையைத் தேடி எடுத்தார். அவள் எழுதிய வரிசையிலேயே பாட்டுகளைச் சேர்த்தார். பதினொன்று கிடைத்தன. பன்னிரண்டாவது வரியில் என்றோ ஈரம் பட்டு மை பரவியிருந்தது. ஓர் எழுத்தும் தேறவில்லை. அவளைக் கேட்டால் ஒரு நொடி வேலை. ஆனால் கேட்டால், ஏன் கேட்கிறார் என்று சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேருக்குப் பல் கட்டியவருக்கு அதற்கு வாய் வரவில்லை. ஏழு மாதமாக அட்டை போன் உறைக்குள் மடிந்து கிடக்கிறது. அவளிடமிருந்து பிடுங்கிய பாட்டுகளை அவளுக்குத் தெரியாமல் கேட்டு, தினம் கொஞ்சம் கூனிப் போகிறார்.

போன ஞாயிறு காலை குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். போன் அலமாரியில் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஊமையானது. மக்கர் பண்ணுகிறது என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினார். கேட்கவில்லை, முழுதும் கூட்டினார். கூடத்தில் மகள் புது ஸ்பீக்கரை அப்போதுதான் போட்டிருந்தாள். முதல்நாள் அதை இவர் போனோடு இணைத்துத்தான் சோதித்தார்கள். அது மறக்காமல் இவர் போனையே பிடித்துக்கொண்டது. பதினொன்றாவது பாட்டில் வீடு அதிர்ந்தது.

"அப்பா, அது உங்க போனு," என்று மகள் சிரித்தாள். "தகர டப்பாவெல்லாம் எப்பருந்து கேக்குறீங்க?"

நுரையோடு நின்றார். காது மடல் கொதித்தது. நிறுத்தும் பொத்தான் விரலுக்கு அடியில்தான் இருந்தது. அழுத்தவும் வெட்கம், விடவும் வெட்கம். பாட்டு தன்போக்கில் முடிந்து, பட்டியல் தீர்ந்து, ஸ்பீக்கர் அடங்கியது.

கூடத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஓய்ந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டாள். பிறகு வேறொரு பாட்டை, தன்னை அறியாமலே, முணுமுணுக்கத் தொடங்கினாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன் அந்த கேசட்டில் அடுத்து வந்தது எதுவோ அது. இரண்டு வரி போனதும் வார்த்தை மறந்து நின்றுவிட்டாள்.

குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இனி அவளைக் கேட்கவே வேண்டாம். அந்த இரண்டு வரியைச் செயலியில் தட்டினால் பாட்டு வந்துவிடும், கௌரவமும் தப்பும். போனைக் கையில் எடுத்தார். பிறகு பாதி மழித்த முகத்தோடு கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தார்.

உறைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துப் பிரித்து, மை பரவிய வரி அவளுக்குத் தெரியும்படி நீட்டினார். அவர் பார்வை மடித்து வைத்த துணிகளின் மேல் இருந்தது. அட்டையின் அடியில், தாம் எழுதிய பக்கத்தை நாலு விரலையும் விரித்து மூடியிருந்தார்.