எட்டுக் குடும்பத்துப் பெயர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரு மேசையும் ஒரு டைப்ரைட்டரும் போட்டு ஜெயபாய் பதினெட்டு வருஷமாகப் பிழைத்துவந்தாள். அப்பா இறந்தபோது அவளுக்கு இருபது வயது. இரண்டு தங்கைகளையும் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது முப்பத்தெட்டு. தனக்கென்று யோசிக்க அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டாள்.

1986-ல் பொன்னுராஜ் வந்தார். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். மேற்கு மலையடிவாரத்தில் பூக்கிற செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து டாக்டர் பட்டத்துக்கு எழுதியிருந்தார். நானூறு பக்கம். செடிக்குச் செடி லத்தீன் பெயர்; ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு. கார்பன் வைத்து நாலு தாள். ஒரு எழுத்துப் பிசகினால் நாலிலும் அழிக்க வேண்டும். பகலில் கோர்ட்டு மனு, சாயங்காலம் செடி என்று எட்டு மாசத்தில் அடித்துக்கொடுத்தாள்.

மறுவருஷம் கட்டோடு திரும்பி வந்தார். ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பழைய கைடு ரிட்டயர் ஆகிவிட்டாராம்.

"புது கைடு எட்டுக் குடும்பத்துக்குப் பேரை மாத்தச் சொல்லுதாரு. மத்த குடும்பத்துக்கெல்லாம் அதுல உள்ள ஒரு செடியோட பேரை எடுத்து, கடைசில 'ஏசி'ன்னு சேத்திருக்கும். இந்த எட்டும் பழைய பேரு, அதுல அடங்காது. பனை, தென்னைக்குப் 'பால்மே'ன்னு அடிச்சீங்கல்ல? இனிமே 'அரிக்கேசி'. அரிக்கான்னா பாக்குமரம்."

"பழைய பேரு தப்பா சார்?"

"தப்பில்ல. ரெண்டும் செல்லும்னுதான் விதி."

"அப்ப ஏன் மாத்தணும்?"

பொன்னுராஜ் கட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். கைடு கையெழுத்துப் போடாமல் எதுவும் நகராது.

எட்டு என்றாலும் அதில் புல், அவரை என்ற பெரிய குடும்பங்களும் வந்ததால் நூற்றிருபது பக்கம் ஆனது. அது முடிகையில் அவள் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. டாக்டர் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். மறுநாள் மூணு மனு இருந்தது.

1988 ஆனியில் மறுபடி வந்தார். இப்போது வரிசை.

"இதழ் தனித்தனியா இருக்கா, ஒட்டியிருக்கான்னு பாத்து வச்சது பழைய வரிசை. எந்தக் குடும்பம் எதுலருந்து வந்திருக்கும்னு பாத்து வைக்கணும்கிறாரு இவரு. முன்னால உள்ள குடும்பம் பின்னால போவும். பக்க நம்பர் பூரா மாறும்."

ஜெயபாய் கட்டை அவர் பக்கமே தள்ளினாள். வேலை கொண்டுவந்தவர் யாரிடமும் அதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

"ஏலாது சார். கை ஏலல. வேற ஆள் பாருங்க."

அவர் எழுந்து போகவில்லை. "நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கட்டுமா?" என்றார். அதை மறுக்க அவளுக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து கடையைத் திறப்பாள். அவர் இரண்டு விரலால் அடிப்பார். அவள் கையில் வெந்நீர்த் துணியைச் சுற்றிக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்வாள். அந்தச் செடிகளில் பாதியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டல் அத்தனையும் மனப்பாடம்.

"கடைசில ஒரு 'ஈ' விட்டுட்டீங்க சார்."

அவர் நாலு தாளிலும் அழித்தார். ஒருநாள் பாதியில் நிறுத்தி, "உங்களை எம்புட்டுப் பாடு படுத்திட்டேன்" என்றார்.

"அடுத்த பக்கம் போங்க சார்."

1990-ல் பட்டம் கிடைத்தது. பைண்ட் செய்த புத்தகத்தோடு வந்தார். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வரிசையைப் பற்றியோ பெயரைப் பற்றியோ யாரும் கேட்கவில்லையாம். அவளுக்குக் கோபப்படக்கூட அசதியாக இருந்தது.

நன்றி சொல்லும் பக்கத்தை விரித்துக் காட்டினார். "இதை மட்டும் உங்களுக்குத் தெரியாம நானே அடிச்சேன்."

டைப் அடித்தவர் என்று அவள் பெயர் இருந்தது. அதில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. சொன்னால் மறுபடி அடிக்கலாம் என்று உட்கார்ந்துவிடுவார்.

"நல்லாயிருக்கு சார்" என்று மூடிக்கொடுத்தாள்.