சத்தமில்லாமல் சுருங்கிய கல்

தேனிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில், கல்லையும் கான்கிரீட்டையும் நசுக்கிப் பார்க்கும் ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் இருக்கிறது. மயிலாடும்பாறையில் எங்கள் கிணற்றுக்கு வெடி வைத்ததைப் பார்த்த நாளிலிருந்தே கல்லைப் பற்றி எனக்கு ஒரே எண்ணம்தான். தாங்குகிற மட்டும் தாங்கும், பிறகு சத்தத்தோடு பிளக்கும். இத்தனை வருட வேலையில் வேறு மாதிரி நடந்துகொண்ட கல்லை நான் பார்த்ததில்லை.

போன வருடம் உத்தமபாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். கட்டைவிரல் தடிமனில் உருளையாக வெட்டிய மணற்கல் துண்டுகளைக் கொண்டுவந்திருந்தார்.

"இதுல கால்வாசி வெறும் துளைதாண்ணே," என்றார்.

ஒன்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். விழுந்ததும் உள்ளே போய்விட்டது.

முதல் உருளையை அப்படியே நிறுத்தி மேலிருந்து அழுத்தினோம். டப்பென்று சாய்வாக வெட்டு விழுந்து இரண்டாகப் போனது. நான் நினைத்தபடிதான்.

இரண்டாவதை ரப்பர் உறைக்குள் போட்டு, தடித்த இரும்புக் கலத்தில் இறக்கி, சுற்றிலும் எண்ணெய் நிரப்பி அழுத்தம் ஏற்றினோம். பூமிக்குள் வெகு ஆழத்தில் கிடக்கும் கல்லுக்கு நாலா பக்கமும் நெருக்கம் இருக்கும், அதற்காக. பிறகு மேலிருந்து அழுத்தினோம். பாரம் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மட்டுப்பட்டது. கல்லை அழுத்தும் இரும்புத் தண்டு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. சத்தமே இல்லை. உறை கிழிந்துவிட்டது என்று நினைத்து சுவிட்சில் கை வைத்தேன்.

"நிறுத்தாதீக."

"லீக் ஆகுது மேடம். கல்லு உடையல, தண்டு மட்டும் இறங்குது."

"எண்ணெய் அழுத்தம் குறையலையே? இதக் கேளுங்க."

கலத்தின் மேல் சிறு ஒலி உணரி ஒன்றை ஒட்டிவைத்திருந்தார். அதோடு சேர்ந்த ஹெட்போனை என்னிடம் நீட்டினார். மாட்டினேன். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி, நூறு நூறாக, சின்னச் சின்னச் சத்தம்.

"மணல் மணி ஒவ்வொண்ணா நொறுங்குது. தூளு துளையில போயி அடையுது," என்றார்.

கண்ணெதிரே அசையாமல் நின்ற இரும்புக் கலத்துக்குள் இவ்வளவு நடக்கிறதா? தண்டு நிற்கும்வரை ஹெட்போனைக் கழற்றத் தோன்றவில்லை.

வெளியே எடுத்தபோது உருளை ஒரே துண்டாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த விரிசல் ஒன்றுகூட இல்லை. ஆனால் உயரம் குறைந்திருந்தது. மறுபடி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அது மணியாக உருண்டு, வெகுநேரம் மேலேயே நின்றது.

"எண்ணெய்க் கிணறு இருக்குற இடத்துல, துளைக்குள்ள இருக்குற எண்ணெயும் பாரத்துல ஒரு பங்கு தாங்குதுண்ணே. அத எடுக்க எடுக்க முழுப் பாரத்தையும் கல்லே தாங்கணும், முடியாம இதே மாதிரி சுருங்கிரும். அப்படித் தரையே இறங்கிப்போன ஊருக இருக்கு."

"நாமளும் போர் போட்டுத் தண்ணிய உறிஞ்சுறோமே?"

"இங்கன இருக்குறது கெட்டிப் பாறை. தண்ணி வெடிப்புலதான் நிக்கும். இந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது."

சோதனைத் தாளில் 'உடைந்த விதம்' என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதுவது என்று கேட்டேன். பார்த்ததை எழுதச் சொன்னார். 'உடையவில்லை, சுருங்கியது' என்று எழுதினேன்.

மீதி உருளைகளை அந்த வாரமே முடித்தோம். ஒவ்வொரு தடவையும் ஹெட்போனை முதலில் மாட்டிக்கொண்டது நான்தான்.