வரையாத வெள்ளாறு

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. மாமாவுக்குப் பெண் பார்க்க, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் கிளம்பினோம்.
2. பரங்கிப்பேட்டை தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது.
3. மாமா என் டிராயிங் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததை மைப்பேனாவால் வரைந்தார்.
4. வண்டி நகர்ந்ததும் பேனாவை மூடிவிட்டார். ஆற்றை வரையவே இல்லை.

நான்காவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கரைக்கு ஒரே கோடு. எச்சில் தொட்ட கட்டைவிரலால் மையை இழுத்துவிட்டு எதிர்க்கரைத் தோப்பு. ஒரு படகு, அதன் அடியில் நேராக இரண்டு கீறல். மீதித் தாள் வெள்ளையாகவே கிடந்தது. தாள் என்னுடையது என்பதால் படத்தை நானே வைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கோ வேறு கவலை. புது ஆட்கள் முன்னால் அவருக்குப் பேச்சு வராது. அதைத் திமிர் என்று நினைத்து இரண்டு வீட்டார் வேண்டாமென்றிருந்தார்கள். "இதுவும் அமையலன்னா என்ன விட்டுடுக்கா" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

சிதம்பரத்திலும் அதே கதைதான். கேசரி வந்தது, காபி வந்தது, மாமாவிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் நியாயம் கேட்டுப் படத்தைப் பெண்ணிடம் நீட்டினேன்.

"பாருங்கக்கா, எங்க மாமா ஆத்தையே போடல."

அவர் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "போட்டிருக்காரே பாப்பா. இல்லன்னா படகு எதுமேல நிக்குதாம்?" பிறகு நேராக மாமாவிடம், "காத்தே இல்லயா அப்போ? படகு நிழல் நேரா விழுந்திருக்கு, தண்ணி அசையவே இல்லியே" என்றார்.

"ஆமாங்க. வண்டியும் நின்னுச்சு, காத்தும் நின்னுடுச்சு" என்று தொடங்கிய மாமா அதன்பின் நிறுத்தவில்லை. அம்மா கேசரியைக் கையில் எடுத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில்தான் கவனித்தேன்.

"மாமா, படத்த அந்தக்கா கிட்டயே மறந்துட்டு வந்துட்ட! போய் வாங்கிட்டு வா!"

"போவாம என்ன, இனிமே அடிக்கடி போவான்" என்று அம்மா சிரித்தார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பொருள் தொலைந்ததில் இவர்களுக்கு என்ன சந்தோஷம் என்று நான் கடலூர் வரை அழுதேன்.

இப்போதைய நிலை: படம் மஞ்சக்குப்பத்தில் மாமா வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. நான் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். போகும்போதெல்லாம் பார்க்கிறேன், அதில் சேர்க்க வேண்டிய கோடு ஒன்றும் அகப்படவில்லை. தாளை அத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.